காரைக்குடிப் பக்கம் வெப் அப்ளிகேஷன் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று பழைய வீடுகளை விடுதியாக்கியவர்களுக்கு ரூம் புக்கிங், ஆத்தங்குடிக் கல் விற்பவர்களுக்கு ஆர்டர் பக்கம் என நம் வட்டாரத்தில் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு அந்த நிரல் என் கைக்கு வரும். திறந்ததும் கண்ணில் படுவது பெரும்பாலும் ஒன்றுதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பணம் வாங்கும் கேட்வேயின் ரகசியக் கீ எல்லாம் கான்ஃபிக் ஃபைலில் (அப்ளிகேஷனின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்), நிரலோடு நிரலாகக் கிடக்கும்.

உங்களைச் சொல்வதற்கு முன் என் கதை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு சின்னத் திருத்தம் ஒன்றை ஏற்றினேன். என் லேப்டாப்பில் இருந்த கான்ஃபிக் ஃபைலும் கூடவே சர்வருக்குப் போய்விட்டது. அதில் இருந்தது டெஸ்ட் டேட்டாபேஸின் முகவரி. அதுவும் ஆன்லைனிலேயே இருந்ததால் தளம் அழகாகத் திறந்தது, ஒரு பிழையும் காட்டவில்லை. அசல் டேட்டாபேஸில் ஏற்கெனவே புக் ஆகிப் போயிருந்த அறை டெஸ்டில் காலியாகத் தெரிந்தது. ஞாயிறு காலை ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு முகப்பில் நிற்கின்றன. வீட்டுக்கார ஆச்சி இரண்டு குடும்பத்தையும் உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, நீங்களே வந்து யாராவது ஒருத்தரைத் திருப்பி அனுப்புங்க." அதற்குத் திட்டியிருக்கலாம்.

மெஷினுக்கு மெஷின் மாறுகிற எதுவும் நிரலுக்குள் இருக்கக் கூடாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்ளிகேஷன்களை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்கு நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிய ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப் என்ற வழிகாட்டி இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறது. உங்கள் நிரலை இந்த நிமிடமே ஊரறியப் போட்டால் ஒரு ரகசியமும் வெளியே போகாமல் இருக்குமா? போகும் என்றால் அதை என்விரான்மென்ட் வேரியபிளுக்கு, அதாவது நிரலுக்கு வெளியே அந்தந்த மெஷினில் வைத்து, நிரல் ஓடும்போது அதற்குக் கொடுக்கும் மதிப்புக்கு, மாற்றுங்கள். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட்டில் (Git) ஒருமுறை கமிட் ஆன, அதாவது பதிவான, பாஸ்வேர்டு, ஃபைலை அழித்த பிறகும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி.

"நான் வேரியபிள்களை எழுதி வைக்கும் டாட்-என்வ் (.env) ஃபைலில்தானே வைத்திருக்கிறேன்" என்பீர்கள். சரி, அந்த ஃபைல் எங்கே இருக்கிறது? பிரவுசருக்குக் கிடைக்கும் ஃபோல்டருக்குள் இருந்தால், அதைத் தேடியே இணையத்தில் திரியும் தானியங்கி நிரல்கள் (bot) ஒருநாள் எடுத்துக்கொள்ளும். ஃபோல்டருக்கு வெளியே, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற 600 பர்மிஷனோடு வையுங்கள். லினக்ஸ் சர்வரில் அப்ளிகேஷனைக் கிளப்பி ஓட்டும் சிஸ்டம்டியின் (systemd) என்விரான்மென்ட்-ஃபைல் வரியில் அதைக் காட்டினால் போதும். அப்புறம், பிஎச்பியின் அமைப்பு விவரங்களைக் காட்டும் பிஎச்பி-இன்ஃபோ பக்கத்தை டெஸ்டுக்குப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அது வேரியபிள்களை எல்லாம் வருகிறவர் போகிறவருக்குக் காட்டும்.

வேரியபிளில் வருவது எல்லாமே வெறும் எழுத்து என்பதும் நினைவில் இருக்கட்டும். பிழை தேடும் நிலையைக் குறிக்கும் டீபக் (debug) என்பதற்கு "ஃபால்ஸ்" (false, பொய்) என்று கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உண்மை என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே அப்ளிகேஷன் கிளம்பும்போதே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் படித்து, சரிபார்த்து, ஒன்று குறைந்தாலும் கிளம்பாமல் நிற்க வையுங்கள். "முகவரி இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின்)" என்று கருணையோடு எழுதிய வரியைத் தூக்கிவிடுங்கள். நின்றுபோன தளத்தைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம். தப்பான டேட்டாபேஸோடு சிரித்துக்கொண்டே ஓடும் தளம்தான் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் வேரியபிளில் திணிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. வரி விகிதத்தை நிரலில் எழுதியவர்களுக்கு எல்லாம் அன்றைக்குப் போன் வந்திருக்கும். வரி, வாடகை, செக்-அவுட் நேரம் போன்றவை வீட்டுக்காரர் மாற்றுகிறவை. இவற்றை டேட்டாபேஸில், எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்போடு வையுங்கள். பழைய பில்லைத் திரும்ப எடுத்தால் 12 தானே வர வேண்டும்? ஆனால் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை டேட்டாபேஸிலேயே வைக்க முடியாது. பெட்டகச் சாவியைப் பெட்டகத்துக்குள் போட்டுப் பூட்டிய கதையாகிவிடும்.

கடைசியாக ஒரு சொந்தக் கோரிக்கை. எந்தெந்த வேரியபிள் வேண்டும் என்று பெயர்களை மட்டும் எழுதி, மதிப்பைக் காலியாக விட்டு, ஒரு மாதிரி ஃபைலை நிரலோடு வைத்துவிட்டுப் போங்கள். அடுத்து அதைத் திறக்கப் போவது அநேகமாக நான்தான்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பின்னால் வரும் ஒருவன்,
காரைக்குடி