செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

பொங்கலன்றும் நீ கூப்பிடவில்லை. வேலை மும்முரமாக இருக்கும் என்கிறாள் உன் அம்மா. இருக்கும். ஆஸ்திரேலியாவில், உன் கல்கூர்லியில் இப்போது கடும் கோடை. தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. தண்ணீர் நிறையக் குடி.

டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று நாங்கள் போன ஊர்வலத்தின் போட்டோ உனக்கும் வந்திருக்கும். பச்சைத் துண்டோடு முன்வரிசையில் நிற்பது நான்தான். 71 வயதில் இதெல்லாம் தேவையா என்று உன் அத்தை போன் போட்டுத் திட்டினாள். நீ திட்டவுமில்லை.

ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்குக் கிளம்பினோம். ஒத்தக்கடை வருவதற்குள் என் இடது செருப்பின் வார் அறுந்துவிட்டது. பக்கத்தில் வந்த ஆத்தா என்னைவிட மூத்தவர். சுருக்குப்பையிலிருந்து சாக்கு தைக்கும் சணலை எடுத்தார், நடுரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்து வாரைக் கட்டிக் கொடுத்தார். வாத்தியார் நின்றால் பின்னால் வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள் என்றார். அதற்குப் பிறகு எனக்கு மூட்டுவலி தெரியவில்லை.

வழக்கைப் பற்றிப் பயப்படாதே. எங்கள் மேல் போட்டதையெல்லாம் அரசு திரும்பப் பெறுகிறது. உன் விசாவுக்கு ஒன்றும் வராது, வக்கீலிடம் கேட்டுவிட்டேன். ஜனவரி 23 அன்று டங்ஸ்டன் ஏலத்தையே ரத்து செய்துவிட்டார்கள். 2,015 ஹெக்டேர், செந்தில். அரிட்டாபட்டியும் அதற்குள்தான் இருந்தது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த ஊர். எட்டாம் வகுப்பில் அங்கே சமணர் படுக்கையில் பெயர் கிறுக்கப் போய் என்னிடம் அடி வாங்கினாயே, அந்த மலையில் வல்லூறு இன்னும் கூடு கட்டுகிறது.

பாறையைத் துளைக்கும் முனையில் டங்ஸ்டன் இருக்கிறது என்று நீதான் ஒருமுறை சொன்னாய். உன் வேலையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் சுரங்கப் பொறியியல் படித்த முதல் பிள்ளை நீ, அதை இன்றும் மந்தையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் கார் ஓட்டாதே.

ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். 2007இல் உன் காலேஜ் பீஸுக்குக் கடன் வாங்கியதாகச் சொன்னேன். கடன் இல்லை. பாறையடியில் இருந்த முக்கால் ஏக்கரை கிரானைட் குவாரிக்காரர்களுக்கு விற்றேன். அவர்கள் வரத்துக்கால்வாய் மேலேயே கழிவுக்கல்லைக் கொட்டினார்கள். சின்னக் கண்மாய் வறண்டது. ஊரே மனு எழுதி முதல் கையெழுத்துக்கு என்னிடம் கொண்டுவந்தது. அரசு ஊழியன், போடக் கூடாது என்று திருப்பி அனுப்பினேன். விற்ற பணம் அப்போது பீரோவில் இருந்தது. சித்தப்பா என்னோடு பேச்சை நிறுத்தியது வேலித் தகராறால் என்று நினைத்திருப்பாய். அவருடைய வயல் அந்தக் கண்மாயின் கடைமடையில் இருந்தது.

ஊர்வலத்தில் அவரும் வந்தார். நான்கு வரிசை பின்னால். நான் திரும்பிப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. நாளை காலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். உன்னிடம் முதலில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது.

தொப்பியை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா