144 சாப்பாடு

பண்ணைக்காடு
ஐப்பசி 20

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். மழைக்கு அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல், வேறொன்றுமில்லை. நீ அனுப்பிய மாதக் கணக்கு பூண்டு லாரியில் வந்து சேர்ந்தது. போன் போட்டால் எடுப்பதில்லை, எடுத்தாலும் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உலகத்தையே அடக்கப் போகிறவளுக்கு மீட்டிங் இருக்கத்தான் செய்யும். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

கணக்கு சுத்தமாக இருக்கிறது. டீசல், கயிறு, டார்ச் பேட்டரி, கறுப்பு அங்கிக்குத் தையல் கூலி, எல்லாவற்றுக்கும் ரசீது ஒட்டியிருக்கிறாய். உன் பெரியப்பா இதே தொழிலில் இருந்தவரை ஒரு துண்டுச் சீட்டு வைத்ததில்லை. கடைசியில் என்ன ஆனது என்று நீயே பார்த்தாய். அந்த வகையில் எனக்குப் பெருமைதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் சுழித்திருக்கிறேன். அதைப் பிறகு பேசலாம்.

முதலில் காவல் முறை. ஒரு காவல் முனைக்கு வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆள் வாரம் 48 மணி நேரம்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். வகுத்தால் மூன்றரை ஆள் வரும். காய்ச்சல், கல்யாணம், தைப்பூசத்துக்குக் காவடி என்று லீவு எடுப்பதையும் சேர்த்தால் முனைக்கு நான்கு பேர். உனக்கு கேட், ஜெனரேட்டர் ஷெட், ஆய்வுக்கூடம், சுரங்க வாய், கைதி அறை என்று ஐந்து முனை. 20 பேர் வேண்டும். நீ போட்டிருப்பது முனைக்கு இரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். விடியற்காலை நான்கு மணிக்குக் கதாநாயகன் சுவரேறிக் குதிக்கும்போது காவலாளி குறட்டை விடுகிறான் என்றால் அது அவன் சோம்பேறித்தனம் இல்லை, நீ போட்ட ஷிப்ட். ஆள் பற்றாக்குறை என்று சொல்லாதே. 46 பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். நீ பேசும்போது பின்னால் கைகட்டி நிற்க மட்டும் எட்டுப் பேர். அவர்களை இறக்கிக் காவலுக்குப் போடு.

கைதி அறைக்கு இரவு முறையில் பெயரே இல்லை. கட்டம் காலியாக இருக்கிறது. எழுத மறந்திருப்பாய்.

அடுத்தது குரங்குக் குல்லா. முகம் மூடிய ஹெல்மெட் சீருடை வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்டாய், சந்தோஷம். ஆனால் கொடைக்கானல் மேல்மலைக் குளிரில் உன் ஆட்கள் எல்லோரும் குல்லாவும் ஜெர்க்கினுமாகத் திரிந்தால் பலன் ஒன்றுதான். கண்ணைத் தவிர எதுவும் தெரியாது. கதாநாயகன் வத்தலக்குண்டில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்து ஒரு குல்லா வாங்கினால் உன் ஆளாகிவிடுவான். கேட்டில் குல்லாவைக் கழற்றி முகத்தைக் காட்டித்தான் உள்ளே விட வேண்டும், நீயே வந்தாலும். முறை மாறும்போது தலையை எண்ணாமல் பெயர் சொல்லிக் கூப்பிடு. எண்ணிக்கை மட்டும் எடுத்தால் மயக்கிப் போட்ட ஒருவனுக்குப் பதில் வேறொருவன் நிற்பான், கணக்கு சரியாகவே வரும்.

சண்டையில் உன் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் அடி வாங்குகிறார்கள் என்று அப்பாவிடம் குறைப்பட்டாயாம். உன் நடைபாதை மூன்றடி அகலம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முற்றத்துக்கு இழுத்து வந்து சுற்றி நிற்கச் சொல். குடோனில் காலி டிரம், அட்டைப் பெட்டி, கண்ணாடித் தடுப்பு மூன்றும் இருக்கவே கூடாது. ஆளைத் தூக்கி எறிவதற்கு அவனுக்கு வசதி செய்துகொடுப்பது நாம்தான்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பேர் ஆனாலே ஈஎஸ்ஐ, இருபது பேர் ஆனால் பிஎஃப். பிஎஃப் அவன் பங்கு 12 விழுக்காடு, உன் பங்கு 12. ஈஎஸ்ஐக்கு அவன் 0.75, நீ 3.25. போனஸ் குறைந்தபட்சம் 8.33. சட்டத்துக்கு விரோதமான தொழிலில் சட்டப்படி பிடித்தமா என்று சிரிப்பாய். சிரி. இரண்டு அறை வாங்கியதும் மறைவிடத்துக்கு வழி சொல்கிற அடியாள் அந்த அறைக்குப் பயந்து சொல்வதில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டவில்லை, அதனால் சொல்கிறான். ஐந்தாம் தேதிக்குள் சம்பளம் போய்ச் சேர்ந்தால் பத்து அறை வரை தாங்குவான்.

கெட்ட செய்தி கொண்டுவருகிறவன் மேல் கத்தாதே. சுட்டுத் தள்ளுவதாக நீ மிரட்டியதாகக் கேள்விப்பட்டேன். ஒருவனைச் சுட்டால் மறுநாளிலிருந்து உனக்கு நல்ல செய்தி மட்டும்தான் வரும், கதாநாயகன் உன் கட்டிலுக்கடியில் இருக்கும்போதுகூட. ராவணனுக்கு விபீஷணன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. தூதனைக் கொல்லாதே என்றதுகூட அவன்தான். சரியென்று ராவணன் கொல்லாமல் விட்டான், ஆனால் தன் துணி, தன் எண்ணெய், தன் ஆட்களை வைத்தே வாலில் தீ வைத்தான். எரிந்தது எந்த ஊர்? கடைசியில் அந்தத் தம்பியையும் விரட்டிவிட்டான், அவன் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நேராக எதிர் முகாமுக்குப் போனான். விலகிப் போகிறவனை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசாமல் அனுப்பாதே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால் அத்தை மகன் போன வாரம் இங்கே வந்தான். காபி குடித்தான். ஒன்றும் சொல்லவில்லை. வாய் ஓயாதவன் ஒன்றும் சொல்லாமல் போனான் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அவனை உனக்கு அடுத்த இடத்தில் வைத்தது சரிதான். ஆனால் உன் குறிக்கோளும் அவன் குறிக்கோளும் ஒன்றுதானா என்று கேட்டுக்கொள். துரியோதனனிடம் பதினோரு அக்குரோணிப் படை, பாண்டவரிடம் ஏழு. தோற்றது எப்படி? பாண்டவரைக் கொல்ல மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன பீஷ்மரைப் பத்து நாள் தளபதியாக வைத்தான். அந்தப் பத்து நாளும் கர்ணன் கோபித்துக்கொண்டு களத்துக்கு வரவில்லை. அவன் வந்தபோது, கூடவே உட்கார்ந்து மட்டம் தட்டுகிற சல்லியனைத் தேரோட்டியாகக் கொடுத்தான். ஆள் எண்ணிக்கை ஒன்றுக்கும் உதவவில்லை.

சாப்பாடு. மேல்மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று இறக்கினால் பருப்பு கல்லாக இருக்கும், அரிசி நடுவில் வேகாது. திறந்த அண்டாவில் சமைக்காதே, பெரிய குக்கர் இரண்டு வாங்கு. கீழே மூன்று விசில் என்றால் அங்கே நான்கு. வேகாத சோற்றைத் தின்கிறவன் உனக்காகச் சாக மாட்டான்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஆட்கள் 46, உன்னோடு 47. மூன்று வேளைக்கு 141 சாப்பாடு. பத்தாம் தேதி வரை 141தான் எழுதியிருக்கிறாய். பதினோராம் தேதியிலிருந்து 144. மாதக் கடைசி வரை 144. ஓரத்தில் "காரம் குறைவு 1" என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. புது ஆள் சேர்ந்ததாகச் சம்பளப் பட்டியலில் இல்லை. "இதர" என்ற தலைப்பில் கம்பளி 1, பிரஷ் 1, கேரட் அல்வா அரைக் கிலோ. உனக்குக் கேரட் அல்வா பிடிக்காது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பென்சில் சுழி அங்கேதான்.

ஜெனரேட்டர் பற்றி அப்பா எழுதச் சொன்னார். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத டீசல் எஞ்சின் பலகையில் எழுதியிருக்கும் திறனைக் கொடுக்காது. கதிர் வீசும் எந்திரத்தை முழு லோடில் போட்டவுடன் விளக்கெல்லாம் மங்கி நின்றுவிடும், அதுவும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. தேவைக்கு மேல் கால் பங்கு பெரியதாக வாங்கு, அல்லது டர்போ வாங்கு.

முதலைக் குளம் வேண்டவே வேண்டாம். பெரியப்பாவின் முதலைகளை நினைத்துக்கொள். குளிர் ரத்தப் பிராணி, அந்தக் குளிரில் வாயே திறக்காது, தின்றாலும் செரிக்காது. மொத்த இடத்தையும் தகர்க்கும் பொத்தானும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து அந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும். அந்தப் பணத்துக்கு மேட்டுப் பக்கம் வடிகால் வெட்டு, தடுப்புச் சுவரில் ஐந்தடிக்கு ஒரு மூன்று அங்குலக் குழாய் வை. சுவர் சாய்வது மண்ணின் பாரத்தால் மட்டுமில்லை, பின்னால் தேங்கும் தண்ணீரால். தப்பிக்கும் சுரங்கம் சோலைக்குள் போய்த் திறக்கிறது என்றாய். மழைக்காலத்தில் அங்கே கால் வைத்தால் அட்டை. அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் தலைவியைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அட்டைக்கான காலுறையும் உப்புப் பொட்டலமும் சுரங்க வாயிலேயே தொங்கட்டும். வழியில் காட்டெருமை நின்றால் விளக்கடித்து விரட்டாதே, அது போகும் வரை நில்.

சிரிப்பையும் குறைத்துக்கொள். பி.எஸ். வீரப்பா சிரித்தால் தியேட்டரே அதிரும், ஆனால் அவர் பனிமூட்டத்தில் நின்று சிரிக்கவில்லை. உனக்குச் சளி பிடிக்கும். திட்டத்தை வாயால் சொல்லாதே, முடிந்த பிறகு சொல். பிடிபட்டவனிடம் சொல்லாதே. பிடிபட்டவனிடம் சொல்லவே சொல்லாதே. ராத்திரி பேச்சுவாக்கில்கூட.

பொதுவாகச் சொல்கிறேன், ஓர் ஆளைப் பிடித்தால் என்ன செய்வது என்பதைப் பிடிப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பணயமா, திட்டம் முடியும் வரை அடைப்பா, நம் பக்கம் இழுப்பதா. மூன்றில் ஒன்று. வாட்ச், பெல்ட், மோதிரம், ஷூ நான்கையும் வாங்கிக்கொள். பின்னால் ஜன்னல் கண்ணாடி இருக்கும் நாற்காலியில் கட்டாதே. காவலாளியை நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்று, பேச்சுப் பழக்கம் வந்துவிடும். முடிவெடுக்காமல் நாள் கடத்தினால் செலவு ஏறும், மற்ற ஆட்கள் பார்ப்பார்கள், பேசுவார்கள். ராவணனும் பன்னிரண்டு மாதக் கெடு வைத்துவிட்டு அசோகவனத்துக்குக் காவல் போட்டுக்கொண்டிருந்தான். உன்னைச் சொல்லவில்லை.

நம்பியாரைப் பார். திரையில் அத்தனை பேரைச் சவுக்கால் அடித்தவர், மதுவைத் தொடாதவர், வருஷா வருஷம் சபரிமலை. வேலை வேறு, வீடு வேறு என்று வைத்திருந்தார். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது இந்த 144.

எதிர்த்தரப்பு ஆள் என்பதால் நான் தப்பாக நினைப்பேன் என்று எண்ணாதே. இடும்பனும் அசுரன்தான். சண்டை போட்டுத் தோற்று, அதே பழனியில் காவலாக நிற்கிறான். காவடி எடுப்பவர்கள் முதலில் அவனைத்தான் கும்பிடுகிறார்கள். சூரபத்மன் மயிலும் சேவலுமாக ஆனான். தோற்றவர்களுக்கும் இந்த மலையில் இடம் உண்டு. யார் தோற்றது, அவனா நீயா என்பது மட்டும் எனக்குக் கணக்கில் தெளிவாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை லாரியில் பிளம்ஸ் ஜாம் இரண்டு பாட்டில், பருப்புப்பொடி ஒரு கிலோ அனுப்புகிறேன். காரம் போடாதது கால் கிலோ தனியாகக் கட்டியிருக்கிறது. குக்கருக்கு வாஷர் இரண்டு உள்ளே இருக்கும்.

அடுத்த மாதக் கணக்கில் "இதர" என்று எழுதாதே. பெயர், சொந்த ஊர், வீட்டில் யார் யார், என்ன படிப்பு என்று தனிப் பத்தி போட்டு எழுது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். கணக்குக்காகத்தான்.

இப்படிக்கு,
அம்மா