தலைகீழாகப் பொருத்திய பிஸ்டன் ரிங்: எஞ்சின் வேலை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 350 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின் வேலையில் குறைபாடு – மறுவேலை செய்து தரவும் கூலியைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

தங்கள் சர்வீஸ் மையத்தில் என் வண்டியின் எஞ்சினைப் பிரித்து, புதிய பிஸ்டன் ரிங்குகள் (சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) போட்டுக் கொடுத்தார்கள். வண்டியை எடுத்த நாளிலிருந்தே சைலன்சரில் நீலப் புகை. ஆயில் மளமளவென்று குறைகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரியும் ஆயிலும் அப்பிக் கிடக்கிறது. கேட்டபோதெல்லாம், "ரிங் செட்டாகும் வரை அப்படித்தான் இருக்கும், ஓட்டுங்கள்" என்றே பதில் வந்தது.

கடைசியில் அனுபவமுள்ள வெளி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, என் கண்ணெதிரே சிலிண்டர் பிளாக்கைக் கழற்றச் செய்தேன். இரண்டாவது ரிங்கில் 'டாப்' என்று பொறித்த பக்கம் கீழ்நோக்கி இருந்தது. அந்த ரிங்கின் முகத்தைச் சற்றே சரிவாகச் செய்வதே, பிஸ்டன் இறங்கும்போது ஆயிலைக் கீழே வழித்துவிடத்தான். திருப்பிப் போட்டால் அதே விளிம்பு ஆயிலை மேலே ஏற்றி எரியவிடும். எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் அந்த ரிங் தானாகத் திரும்பிக்கொள்ளாது. இது தெரிந்திருக்க வேண்டியவர்களே என்னை ஓட்டச் சொல்லி அனுப்பியதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பில்லில் ஹோனிங் (சிலிண்டர் உட்சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குதல்) கூலி தனியாக வாங்கப்பட்டிருக்கிறது. ஹோனிங் செய்த சிலிண்டரில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். புது ரிங் படிந்து உட்கார அவை தேவை. இங்கே சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் பளபளக்கிறது, ஒரு கோடும் இல்லை. மேல் ரிங்கை போருக்குள் (சிலிண்டரின் உள்துளைக்குள்) வைத்து, அதன் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகட்டால்) பார்த்தோம். 70 மி.மீ. போருக்குச் சுமார் 0.28 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 0.60 மி.மீ. இருந்தது. போர் தேய்ந்திருக்கிறதா என்று அங்கே யாரும் அளந்தே பார்க்கவில்லை என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எனவே போரை முறையாக அளந்து, தேய்மானம் இருந்தால் ஓவர்சைஸ் (சற்றே பெரிய) பிஸ்டனுக்கு ஏற்பக் கடைந்து, புதிய ரிங்குகளைத் தங்கள் செலவிலேயே பொருத்தித் தர வேண்டும். செய்யாத ஹோனிங்குக்கு வாங்கிய கூலியையும், வெளி மெக்கானிக்குக்கு நான் கொடுத்த தொகையையும் திருப்பித் தர வேண்டும். வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். ரிங் ஏறுவதற்கு முன் 'டாப்' குறியை எனக்குக் காட்ட வேண்டும்.

புகைப்படங்களும் பில் நகலும் இணைத்துள்ளேன். கழற்றிய ரிங்குகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்