மேலே படிக்க நினைக்கும் மழலையர் ஆசிரியர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். வேலையை விடாமல் மேலே படிக்க உதவித்தொகை கிடைக்குமா என்று சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கிடைக்கும். ஆனால் தொகையை மட்டும் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம்.

மதியம் பிள்ளைகளை ஒரு கையால் தட்டித் தூங்கவைத்தபடி, மறு கையில் பாடப்புத்தகத்தைப் பிடித்துப் படித்தவள் நான். பணத்தைவிட நேரத்துக்குத்தான் தட்டுப்பாடு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990-இல் தொடங்கிய 'டீச்' உதவித்தொகைத் திட்டம் இதைப் புரிந்துகொண்டது. கட்டணம், புத்தகச் செலவோடு, படிப்பதற்கென்று சம்பளத்துடன் நேரமும் அதில் உண்டு. ஒப்புக்கொண்ட பாடங்களை முடித்தால் ஊக்கத்தொகையோ சம்பள உயர்வோ வரும். பதிலுக்கு, குறிப்பிட்ட காலம் அதே பள்ளியில் தொடர வேண்டும். எனக்கு இது நியாயமாகவே படுகிறது, பிள்ளைகளுக்கும் பழகிய முகம் மாறாது.

அதனால் எந்த உதவித்தொகையானாலும் முதலில் கேளுங்கள்: பணம் முன்கூட்டியே வருமா, நாம் கட்டிய பிறகுதான் தருவார்களா? நடுவில் வேலை மாறினால் திருப்பிக் கட்ட வேண்டுமா?

அப்புறம், பணி அனுபவச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் கையெழுத்துக்கு அலைய முடியாது.

விண்ணப்பக் கடிதத்தில் "எனக்குக் குழந்தைகளைப் பிடிக்கும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். வாயே திறக்காத ஒரு பிள்ளை உங்களிடம் முதல் வார்த்தை பேசிய நாளை எழுதுங்கள், பெயரை மட்டும் மாற்றி. எழுதியதை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.