கூட்டத்தைக் கூட்டியது யார்?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிணநீர்க் கணுவின் சிலைடில் புற்றுசெல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அழற்சியில் வரும் செல்கள்தாம் நிறைந்து கிடக்கின்றன, அப்படியிருக்க அது ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று உன் மூத்த மருத்துவர் ஏன் ஐயப்படுகிறார் என்று கேட்டிருக்கிறாய். நோய்க்குறியியலில் ஆண்டுக்கணக்காக உழைத்தவன் என்பதைவிட, இதே இடத்தில் ஒருமுறை சறுக்கியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான லிம்போமாக்களில் கணுவை அடைத்துக்கொண்டிருப்பவை புற்றுசெல்களே. ஹாட்ஜ்கினில் கணக்கு தலைகீழ். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் எனப்படும் அதன் புற்றுசெல்கள் பல வேளைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும்; மற்றவை டி செல்கள், ஈயோசினோஃபில்கள், பிளாஸ்மா செல்கள், மேக்ரோஃபேஜ்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள். அந்தச் செல்லை 1898 இல் விவரித்த கார்ல் ஸ்டெர்ன்பெர்க்கே இந்நோயைக் காசநோயின் ஒரு வகை என்றுதான் எண்ணினார். 1902 இல் டோரதி ரீட் அதை மறுத்தார். ஆகவே உனக்கு அழற்சி போலத் தோன்றியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இத்தனை செல்களை அங்கே வரவழைத்தது யார்? அந்த ஒன்றிரண்டு செல்கள்தாம். அவற்றுள் என்எஃப்-கப்பா-பி என்னும் சமிக்ஞை வழி அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதால், செல்களுக்கிடையே செய்தி சொல்லும் சைட்டோகைன்களும், செல்களை அழைத்துவரும் கீமோகைன்களும் ஓயாமல் சுரக்கின்றன. டார்க் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சிசிஎல்17 என்னும் கீமோகைன், டிஎச்2 என்னும் வகை டி செல்களையும் நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்குமுறை டி செல்களையும் இழுத்து வருகிறது. இன்டர்லூக்கின்-5 என்னும் சைட்டோகைன் ஈயோசினோஃபில்களை வளர்த்து, அவை சாகாமல் காக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா, நாரிழைச் செல்களைத் தூண்டிக் கொலாஜன் பட்டைகளைப் போட வைக்கிறது. ஹாட்ஜ்கினின் முடிச்சு இறுக்க வகையில் கணுவை வெட்டும்போது கத்திக்குத் தட்டுப்படும் கடினம் அதனால் வருவதே. இன்டர்லூக்கின்-13 இன் கதை இன்னும் விந்தையானது: அதைச் சுரக்கும் செல்லே அதன் ஏற்பியையும் தன்மேல் வைத்துக்கொண்டு, தன் வளர்ச்சிக்குத் தானே ஊட்டிக்கொள்கிறது. வந்து கூடிய செல்களும் சும்மா இருப்பதில்லை. தம் பங்குக்குச் சைட்டோகைன்களைச் சுரந்து புற்றுசெல்லை வாழவைக்கின்றன. எது யாருடைய சுரப்பு என்று பிரித்துச் சொல்வது அதனால்தான் எளிதன்று.

இவை கணுவுக்குள் அடங்கியும் கிடப்பதில்லை. இன்டர்லூக்கின்-6 இரத்தத்தில் ஏறினால் மூளையின் வெப்பச் சீராக்கி உயர்ந்து காய்ச்சல் வருகிறது. கல்லீரல், அழற்சியின் அடையாளமான சி-வினைப் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. இரும்பைப் பூட்டிவைக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் கூடி, உடம்பில் இரும்பு இருந்தும் எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்காமல் சோகை தலைகாட்டுகிறது. 38 டிகிரி செல்சியசைத் தாண்டும் காய்ச்சல், படுக்கை நனையும் இரவு வியர்வை, ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை இழப்பு என நாம் பி அறிகுறிகள் என்று எழுதிவைப்பவற்றில் பெரும்பகுதி இந்தச் சுரப்பின் வேலையே. கிருமியைத் தேடித்தேடிக் களைத்த பிறகே பலர் கணுவை வெட்டிப் பார்க்க வருகிறார்கள்.

என் சறுக்கல் இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கழுத்துக் கணுவைப் பார்த்தேன். இளஞ்சிவப்புத் துகள்கள் நிறைந்து, இரட்டை மடல் கருவுடன் ஈயோசினோஃபில்கள் புலம் முழுதும் சிதறிக் கிடந்தன. ஒவ்வாமையாகவோ ஒட்டுண்ணியாகவோ இருக்கும் என்று எண்ணி, 'எதிர்வினை மாற்றம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மூன்று மாதம் கழித்து, காய்ச்சல் விடாமல் அதே நோயாளியின் இன்னொரு கணு வந்தது. பழைய சிலைடை எடுத்து மறுபடி பார்த்தபோது, ஓரத்தில் ஆந்தைக் கண் போன்ற இரு கருக்களுடன் அந்த ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் உட்கார்ந்திருந்தது. அதை நான் பார்க்காமல் விட்டது பாதிப் பிழைதான். அத்தனை ஈயோசினோஃபில்களைப் பார்த்தும், அவை ஏன் வந்தன என்று கேட்காமல் விட்டதே முழுப் பிழை.

அதனால் உன் சிலைடில் ஈயோசினோஃபில் கூட்டம் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கிருந்து தேடத் தொடங்கு. கணுத் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கிலிருந்து இன்னும் ஆழமாகச் சில வெட்டுகள் எடுக்கச் சொல். அந்தச் செல்லை அடையாளம் காண உதவும் புரதங்களான சிடி30, சிடி15, பாக்ஸ்5 மூன்றையும் சாயமிட்டுப் பார். பயாப்ஸிக்கு முன்னரே நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்களா என்று கட்டாயம் விசாரி. கொடுத்திருந்தால் காய்ச்சலும் தணியும், சிலைடும் குழப்பும். சாயத்தின் முடிவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா