ஒலி ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழுவில் முடிவான, எந்தக் கருவி ஒலிக்கிறது என்று தெரியாதபடி திரைபோட்டுக் கேட்கும் சோதனைகளைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க நம்மிடையே வாக்குவாதமும் அதை வைத்துத்தான்.

முதலில் ஆம்ப்ளிஃபயர்கள். சத்தம் இம்மியளவு கூடினாலும் காது அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, ஒப்பிடும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையும் 0.1 டெசிபலுக்குள் சமன்செய்தோம். ஒன்றில் 2.83 வோல்ட் என்றால் மற்றதில் 0.03 வோல்ட்டுக்கு மேல் விலகக் கூடாது. இதற்கே பாதி மாலை போய்விடும். போகட்டும், இதைச் செய்யாத சோதனையை நான் சோதனையாகவே ஏற்கமாட்டேன். 16 முறை கேட்டு, ஒலிப்பது இரண்டில் எது என்று 12 முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 சதவீத வாய்ப்புகூடக் கிடையாது. அந்த எல்லையை எவரும் தொடவில்லை. 'அப்படியென்றால் எல்லாம் ஒன்றுதான்' என்று சிலர் முடிவுகட்டினார்கள். அந்த அறையில், அந்தப் பாட்டில், அந்தக் காதுகளுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை என்பதற்கு மேல் நாம் எதுவும் சொல்ல முடியாது.

ஸ்பீக்கர் விஷயம் வேறு. அங்கே வித்தியாசம் எல்லோருக்கும் கேட்கிறது. எது பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஒலி ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களைப் பார்க்கவிட்டும் மறைத்தும் கேட்கச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது அறையில் இடம் மாற்றி வைத்தாலும் மதிப்பெண் அவ்வளவாக அசையவில்லை; மறைத்ததும் இடத்தின் பாதிப்பு நன்றாக வெளிப்பட்டது. நம் கூடத்திலும் பெரிய பெட்டிக்கு வாதாடியவர்களில் சிலர், திரை விழுந்ததும் சின்னதற்கே கூடுதல் மதிப்பெண் போட்டார்கள்.

'வீட்டில் யார் திரைபோட்டுக் கேட்கிறார்கள்?' என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பார்வைக்குப் பிடித்ததை வாங்குவதில் தப்பே இல்லை. அதை ஒலியின் பெயரில் வரவு வைக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் இன்னொரு குறை உண்மையானது: சில நிமிடங்களில் பளிச்சென்று ஈர்க்கும் ஸ்பீக்கர், மணிக்கணக்கில் கேட்டால் காதைச் சோர்வடையச் செய்யலாம். குறுகிய சோதனையில் அது தெரியாது.

எனவே வரும் ஆண்டில், ஸ்பீக்கரைத் துணியால் மூடி ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கும் முறையையும் சேர்க்கலாம். அப்புறம், கூடத்தில் சுவிட்சை மாற்றுபவருக்கும் எது எதுவென்று தெரியக் கூடாது. மதிப்பெண் தாளைக் கொடுக்கும்வரை யாரும் வாய்திறக்கவும் கூடாது. ஒலியைத் தடுக்காத மெல்லிய திரைத்துணி வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

நன்றி.