மாருதி ஈக்கோ வேனில் குடியிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். மணாலியிலிருந்து லடாக்கின் லே நோக்கிப் புறப்படப் போவதாக நீ சொன்னதைக் கேட்டபின், தொலைபேசியில் பேசினால் பாதி காதில் விழாமல் போய்விடும் என்பதால், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். திரும்பி வந்துவிடு என்று சொல்வதற்காக எழுதவில்லை. லாரி கேபினையே வீடாக வைத்துக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவன் நான். நீயும் உன் தோழியும் ஒரு சின்ன வண்டிக்குள் சமைத்து, உறங்கி, ஊர் ஊராகப் போவதில் எனக்குப் பெருமைதான். நான் கேட்பது ஒன்றே: எவ்வளவு குளிரடித்தாலும் வண்டிக்குள் காற்று வந்து போக வழி இருக்கட்டும், உள்ளே எதையும் எரியவிட்டுத் தூங்காதீர்கள்.

பஞ்சாப், ஹரியானா பக்கம் டிசம்பர், ஜனவரி மாதங்களில் லோடு இறக்கக் காத்திருக்கும்போது, அங்கீட்டி என்னும் கரியடுப்பை மூட்டிக் கேபினுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி வட மாநிலங்களில் குளிர்காலந்தோறும் வருகிறது. கரியோ, கேஸோ, பெட்ரோலோ, போதிய காற்று இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை; கண்ணும் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்வதால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்புக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமல் போகிறது. விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்து எச்சரிக்கும். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. இடம் சிறியதாக இருக்க இருக்க, இது நடக்க எடுக்கும் நேரமும் குறைகிறது.

வண்டிக்குள் மூட்டினால்தான் ஆபத்து என்றும் எண்ணிவிடாதே. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததே காரணம் என்று, கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அந்த வண்டியிலேயே சோதனை நடத்திக் கண்டறிந்தார்கள். உன் ஈக்கோவில் எஞ்சினே முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. சைலன்சர் குழாய் நீங்கள் படுக்கும் தரைக்குக் கீழாகத்தான் பின்னால் போகிறது. நாமக்கல் பட்டறையில் கட்டிலைப் பொருத்தியபோது போட்ட போல்ட் துளைகளையும், வயர் ஏறும் துளையையும் என் கண்ணெதிரேதான் ரப்பர் வைத்து அடைத்தார்கள். ஆனாலும் இவ்வளவு தூரக் குலுக்கலுக்குப் பிறகு அவை அப்படியே இருக்கும் என்று நான் நம்பமாட்டேன். மணாலியில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, சைலன்சர் இணைப்புகளில் புகை கசிகிறதா, தரை அடைப்புகள் உறுதியாக இருக்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பார். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவது கூடவே கூடாது.

தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை நினைத்துத்தான், பாடியை வெட்டாமல் கழற்றி மாட்டும் கட்டிலாகப் போடச் சொன்னேன். அதனால் கூரையில் காற்றுப்போக்கி கிடையாது, கண்ணாடிகள்தான் வழி. முன்கதவுக் கண்ணாடி ஒன்றையும், அதற்கு எதிர்ப்பக்கத்து நடுக் கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். குளிர் உள்ளே வருமே என்பாய். மூடிய வண்டியில்தான் குளிர் அதிகம் கடிக்கும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகிறது; அதோடு இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரமும் சேர்ந்து, தகட்டில் துளியாகப் படிந்து மெத்தையிலும் கம்பளியிலும் இறங்கும். ஈரமான கம்பளியில் சூடு நிற்பதில்லை. வெந்நீரை நன்றாக மூடும் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதம் சூடாக இருந்தால் தூக்கம் வந்துவிடும்.

நீ போகும் பாதை இந்தக் கவலையை இன்னும் கூட்டுகிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லே போகும் வழியில் வரும் சர்ச்சு 4,200 மீட்டரையும் தாண்டியது. உயரத்தால் வரும் நோய்க்கும் முதல் அடையாளம் தலைவலி, குமட்டல், அசதிதான். கார்பன் மோனாக்சைடுக்கும் அவையேதான். மலை ஏறியதால் வந்த தலைவலி, காலையில் சரியாகிவிடும் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவது மிக எளிது. எனக்குப் பெரிய பயமே இந்த இடத்தில்தான். யாருக்குத் தலை வலித்தாலும், எது காரணம் என்று உள்ளே உட்கார்ந்து யோசிக்காமல், எரிவதை அணைத்து, கதவுகளைத் திறந்து, இருவரும் வெளியே வந்துவிடுங்கள். தணிந்தாலும் அன்று மேலே ஏறாதீர்கள். கூடிக்கொண்டே போனால் தெளிவாக இருப்பவர் ஓட்ட, கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.

3,000 மீட்டருக்கு மேல், படுக்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சர்ச்சுவுக்கு முன்பே வழியில் வரும் ஜிஸ்பா 3,200 மீட்டர் அளவில் இருக்கிறது. அங்கிருந்து சர்ச்சுவில் போய்ப் படுத்தால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் கூடிவிடும். ஆகவே ஜிஸ்பாவில் இரண்டு இரவாவது தங்கி, விடியுமுன் புறப்பட்டு, மாறி மாறி ஓட்டி, லே போய்ச் சேர்ந்து உறங்குங்கள். நீண்ட ஓட்டம்தான்; ஆனாலும் சர்ச்சுவில் படுப்பதைவிட மேல்.

சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள். முடியாத நாளில் பக்கக் கதவையும் பின்கதவையும் முழுக்கத் திறந்து வை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும், மேலே திறந்த கண்ணாடியால் அது வெளியேறாது. லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் எளிதில் வேகாது. வாஷர் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை நீ தங்கியிருக்கும் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். தலைமாட்டுப் பக்கம் மாட்டி, பொத்தானை அழுத்தி, அது கத்துவதைக் காதால் கேட்ட பிறகே மணாலியை விட்டுக் கிளம்பு. ஜிஸ்பாவைத் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது; அங்கிருந்து புறப்படும் காலையில் அம்மாவிடம் பேசிவிடு.

அன்புடன்,
அப்பா
நாமக்கல்